எங்கே என்று கேட்கக் கூடாது

எதிர்வீடு எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டிவிடுவார்கள். பெரிய மருத்துவமனையின் வாசலுக்கு நேர் எதிரே, ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கட்டடத்தில், நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குவதற்காகத் தொண்டர்கள் நடத்தும் விடுதி அது. பலகை அடித்துப் பிரித்த அறைகள், இரும்புக் கட்டில்கள், வெந்நீர், இரண்டு வேளைச் சாப்பாடு, துணி காயப்போட மொட்டை மாடி. தங்குபவர்களுக்கு எல்லாம் இலவசம், வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் கிடையாதே தவிர அதிகாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதிலும் பகல் பொறுப்பில் இருந்த கண்டக்டரின் அதிகாரம் கொடிகட்டிப் பறந்தது.

பேருந்திலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். சாப்பாட்டு வரிசையைப் பார்த்து, "உள்ள நகருங்க, நடுவுல எவ்வளவு எடம் இருக்கு பாருங்க" என்று சொல்லாவிட்டால் அன்றைய சோறு அவருக்குச் செரிக்காது. மூக்கின் மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் இறங்கியும் விடும். யாராவது அழுதால் மட்டும் மனிதர் ஆடிப்போவார். அதனால் அழக்கூடிய முகங்களைக் கண்டால் முன்கூட்டியே அதட்டி வைப்பது அவர் வழக்கம்.

எதிர்வீட்டில் விடுப்பு என்று ஒரு ஏற்பாடு உண்டு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் வாரத்தில் ஒரு பகல் மருத்துவமனைப் பக்கமே போகக் கூடாது. தன் போனை அலுவலக மேசையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். அழைப்பு வந்தால் தொண்டர்கள் பேசிக்கொள்வார்கள். இது எல்லோரும் கூடி எடுத்த முடிவு. ஆனால் அதோடு சேர்த்து, போகிறவர் எங்கே போகிறார் என்று சொல்லக் கூடாது, மற்றவர்கள் கேட்கவும் கூடாது என்ற வால் கண்டக்டர் ஒட்டவைத்தது. அதற்கும் காரணம் இருந்தது. முன்பு ஒரு தச்சர் விடுப்பில் முடிவெட்டிக்கொள்ளப் போனார். வெந்நீர் அறைச் சாவியைக் காணோம், அவரிடம்தான் இருக்கும் என்று யாரோ கடைக்கே ஓடிப்போய் அவரைப் பாதி வெட்டில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பாதித் தலையோடு அந்த மனிதர் வார்டுக்குப் போனதைப் பார்த்த அன்றுதான் கண்டக்டர் சத்தம் போட்டார். "எங்க போறாங்கன்னு தெரிஞ்சாத்தானே தொரத்திக்கிட்டுப் போவீங்க? இனிமே தெரியவே கூடாது."

விதி எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மசியாமல் ஒற்றைக்காலில் நின்றவர் ஒருவர்தான். அவர் மாமியார்.

வந்த அன்றே, "நான் தீவிர சிகிச்சைல இருக்கற பொண்ணோட மாமியார்" என்று சொல்லிக்கொண்டு வந்ததால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அவரைவிட வயதில் பெரியவர்கள்கூட மாமியார் என்றுதான் கூப்பிட்டார்கள். மருமகளுக்குக் கல்லீரல் பழுதாகி நினைவு தப்பிவிட்டது. வேறு கல்லீரல் பொருத்தினால்தான் பிழைப்பாள். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவன். கப்பல் நடுக்கடலில் இருந்தது, அடுத்த துறைமுகம் வந்தால்தான் இறங்க முடியும். அதனால் மருமகளுக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவர் என்று மருத்துவமனையில் மாமியாரைத்தான் பதிந்து வைத்திருந்தார்கள். பகலெல்லாம் சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டுக்கு வந்தால் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பார். படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கும் தையல்கார அக்கா, "அந்தம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல" என்று கண்டக்டரிடம் சொல்லிச் சொல்லிக் கரைத்தாள்.

கண்டக்டர் கெஞ்சினார், மிஞ்சினார், சாப்பாட்டை நிறுத்திவிடுவேன் என்றுகூட ஒரு நாள் மிரட்டிப் பார்த்தார். மாமியார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, ஒரு நாள் மதியம் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவராகவே வந்து போனை மேசையில் வைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுறேன் தம்பி."

"மெதுவா வாங்க. வரலன்னாலும் உங்கள யாரும் தேட மாட்டோம்" என்றார் கண்டக்டர், பெருமை பிடிபடாமல்.

மாமியார் வாசலைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியே பார்த்து நின்றார். பெரிய கோட்டையைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அந்தச் சந்தோஷத்தில் டீ ஒன்று கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மேசையில் இருந்த போன் அடித்தது.

உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் பேசினாள். எப்போதும் நிதானமாகப் பேசுகிற பெண், இன்று மூச்சு வாங்கப் பேசினாள். "மாமியார் இருக்காங்களா? கல்லீரல் கிடைச்சிருச்சு சார். பொருந்துது. உடனே வரச் சொல்லுங்க."

கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "கிடைச்சிருச்சா? நெஜமாவா? இதோ, இப்பவே கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி எழுந்தே விட்டார். எழுந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"அவங்க வெளிய போயிருக்காங்கம்மா."

"எங்க?"

கண்டக்டர் ஜன்னல் வழியே காலி வாசலைப் பார்த்தார்.

"சார், டாக்டர் நேர்ல விளக்கணும், அவங்க நேர்ல கையெழுத்துப் போடணும். போன்ல சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. ஒரு மணி நேரம் வரைக்கும் என்னால தாங்கிப் பிடிக்க முடியும். அதுக்கு மேல லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும். கல்லீரல் காத்துக்கிட்டிருக்காது சார்."

போனை வைத்தபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெண் பிழைப்பதற்கு இதுதான் வழி. வழி வந்து வாசலில் நிற்கிறது. அதைத் திறக்க வேண்டியவரைத் தன் கையாலேயே வெளியே அனுப்பி, எங்கே என்று கேட்கவும் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருப்பவர் அவர். தன் மேலேயே அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடிப்போய் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"மாமியார் எங்க போனாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விதியைப் போட்டவரே விதியை உடைக்கிறாரே என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

"அதெல்லாம் கேக்கக் கூடாதே கண்டக்டரே" என்றார் ஒருவர், சோற்றைப் பிசைந்தபடி.

"யோவ், அந்தப் பொண்ணுக்குக் கல்லீரல் வந்திருச்சுய்யா."

அவ்வளவுதான். தட்டுகள் அப்படி அப்படியே நின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி மொட்டை மாடிக்கு ஏறினாள், ஒருவர் குளியலறைக் கதவுகளை எல்லாம் தட்டினார், இரண்டு பேர் தெருமுனைக் கடைகளுக்குப் பறந்தார்கள். தையல்கார அக்கா கையில் ஊசியோடு ஓடிவந்தாள். "வாசல்ல எடது பக்கம் திரும்பினாங்கண்ணே. அதுவரைக்கும் பாத்தேன். அப்பறம் சலவை வண்டி வந்து மறச்சிருச்சு. நீங்க பாட்டுக்கு ஒரு சட்டத்தப் போட்டு வெச்சிருக்கீங்க, இப்ப எந்தத் திசைல போயி தேடறது?"

"திட்டறத அப்பறம் திட்டு. வெளிய போனா என்ன பண்ணுவேன்னு எப்பவாவது உன்கிட்ட சொல்லியிருக்காங்களா?"

"எப்படி இருக்கா, எப்படி இருக்கான்னு யாரும் கேக்காத எடத்துல போயி உக்காரணும்னு ஒரு தடவ சொன்னாங்க."

அப்படி ஓர் இடம் ஊரில் எங்கே இருக்கிறது? பூங்காவா, நூலகமா, ரயில் நிலையமா? கண்டக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்பியபோது மாடிப்படியின் கீழே பெயிண்டர் நின்றிருந்தான். சுவருக்கு வர்ணம் அடிக்கிற இளைஞன். அப்பாவைச் சேர்த்துவிட்டு மேல் அறையில் தங்கியிருப்பவன். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் மட்டும் போனைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"ரவுண்ட் பஸ்ல ஏறினாங்க" என்றான்.

"என்னது?"

"மாமியார். ஸ்டாப்புல நிக்காமப் போச்சு, நான்தான் கை காட்டி நிறுத்தி ஏத்தி விட்டேன். ஊரச் சுத்தி வர்ற பஸ்ஸு."

"இத ஏன்யா இவ்வளவு நேரம் சொல்லல?" கண்டக்டர் கத்தினார்.

பெயிண்டர் போனைப் பார்த்தான். "இப்பத்தான் எனக்கும் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. தயாரா இருங்கன்னாங்க. அவங்க வரலன்னா அது எங்கப்பாவுக்கு."

தையல்கார அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவன் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு மேல் அறையில் போய்ப் படுத்திருந்தால் யாரும் அவனை ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. அவன் அப்பாவும் நாளை எண்ணிக்கொண்டு கிடப்பவர்தான். கண்டக்டர் அவன் தோளைத் தொடலாமா என்று கையைத் தூக்கினார். தொட்டால் தான் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"நேரம் போகுதுண்ணே. பஸ் ஆளுங்களத்தான் உங்களுக்குத் தெரியுமே, போன் பண்ணுங்க" என்றான் பெயிண்டர்.

கண்டக்டர் பணிமனை நேரக் காப்பாளரைக் கூப்பிட்டார். அந்த மனிதரோடு அவருக்கு ஏழாம் பொருத்தம். ஓய்வு பெற்ற அன்றுகூட மாலை போட விடாமல் சண்டை பிடித்தவர்கள். இன்று அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மடமடவென்று விஷயத்தைச் சொன்னார்.

"ரவுண்ட் ரூட்டுல எட்டு வண்டி ஓடுது. நீ போன வெச்சுடாத" என்றார் நேரக் காப்பாளர். அடுத்த நிமிடம் ஊரில் ஓடிய அத்தனை ரவுண்ட் பஸ்களிலும் கண்டக்டர்களின் போன் அடித்தது. நீலச் சால்வை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை, நடுத்தர வயது அம்மா.

முதல் பதில் வந்தபோது கூடமே ஆரவாரித்தது. நீலச் சால்வை கிடைத்துவிட்டது. போனை அந்த அம்மாளிடமே கொடுத்திருந்தார்கள்.

"மாமியார், மருமகளுக்குக் கல்லீரல் வந்திருச்சு" என்று கண்டக்டர் தழுதழுத்தார்.

"யாருக்கு யாருய்யா மாமியார்? எனக்குக் கல்யாணமே ஆகல" என்று ஒரு குரல் காதைக் கிழித்தது.

இரண்டாவது நீலச் சால்வைக்குள் இருந்தது ஒரு பாட்டு வாத்தியார். மூன்றாவது பஸ்ஸில் நீலம் என்று சொல்லிப் பச்சையைக் காட்டினார்கள். கண்டக்டர் கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தார். இடையில் ஒருங்கிணைப்பாளர் மறுபடியும் கூப்பிட்டாள். "சார், பாதி நேரம் போயிடுச்சு. அடுத்த நோயாளிக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிட்டாங்க." கண்டக்டர் பெயிண்டரைப் பார்க்காமல், "வந்துக்கிட்டே இருக்காங்கம்மா" என்று கூசாமல் பொய் சொன்னார்.

பொய் சொல்லி வாய் மூடவில்லை, நேரக் காப்பாளரின் குரல் வந்தது. "ஆளு கெடச்சாச்சு. கடைசி சீட்டுல ஜன்னல் ஓரமா தூங்கிக்கிட்டிருக்காங்களாம். சால்வைய மடிச்சுத் தலைக்கு வெச்சிருந்ததால எங்க ஆளுக்கு அடையாளம் தெரியல. அட்டையப் பாத்துத்தான் கண்டுபிடிச்சான். இப்ப எழுப்பறான், நீயே கேளு." லைனை இணைத்துவிட்டார்.

போனை ஒலிபெருக்கியில் போட்டார் கண்டக்டர். எஞ்சின் இரைச்சல், மணிச் சத்தம், யாரோ "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது. பிறகு தூக்கம் கலையாத குரலில் மாமியார் ஏதோ கேட்டது. பிறகு "ஐயோ, ஆண்டவனே" என்ற ஒரு அலறல். எதிர்வீட்டில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். பஸ் ஊரின் மறுகோடியில் இருந்தது என்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

"எறக்கி ஒரு காரப் புடிச்சு ஏத்துப்பா" என்றார் கண்டக்டர்.

"இங்க காரும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே, ரெண்டு பக்கமும் குடோன்தான். டிரைவரண்ணன் என்னமோ சொல்றாரு, இருங்க" என்றான் அந்தப் பஸ்ஸின் கண்டக்டர்.

பஸ் நின்றது. டிரைவரின் கரகரத்த குரல் பயணிகளைப் பார்த்துப் பேசுவது கேட்டது. "இந்தம்மாவோட மருமகளுக்கு ஆப்பரேஷன். இவங்க கையெழுத்து வேணும். ஸ்டாப்புல நிக்காம, சுத்து வழிய விட்டுட்டு, நேரா ஆஸ்பத்திரிக்கு விடலாம்னு இருக்கேன். எறங்கறவங்க இப்பவே எறங்கிக்கலாம். என்ன சொல்றீங்க?"

எதிர்வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முதலில் ஒரு பெண் குரல், "கேட்டுக்கிட்டே நிக்கறீங்களே, எடுங்க வண்டிய" என்றது. "எனக்கு அடுத்த ஸ்டாப்பு, பரவால்ல, ஆஸ்பத்திரிலேர்ந்து திரும்பி வந்துக்கறேன்" என்றது ஒரு கிழக்குரல். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எதுவும் விளங்கவில்லை. எஞ்சின் உறுமியது மட்டும் நன்றாகக் கேட்டது.

"அனுமதி இல்லாம ரூட்ட மாத்தினா டிரைவருக்கு மெமோ தருவேன்" என்றார் நேரக் காப்பாளர். கண்டக்டருக்குத் தூக்கி வாரிப்போட்டது. "அதனால அனுமதி கொடுத்துட்டேன். எங்க மேல பழி போடாத" என்று முடித்தார் அவர். இந்த மனிதனோடு இத்தனை வருஷம் எதற்குச் சண்டை போட்டோம் என்று கண்டக்டருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

எதிர்வீடே தெருவுக்கு வந்துவிட்டது. மருத்துவமனை வாசலில் ஆட்டோக்களும் பழவண்டிகளும் அடைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. பெயிண்டர் நடுத்தெருவில் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிகளை ஓரம் கட்டினான். திட்டியவர்களைத் திருப்பித் திட்டினான், ஒரு பழவண்டியைத் தானே தள்ளிவிட்டான். வாசல் காவலாளியிடம் ஓடிப்போய்த் தடுப்புக் கம்பத்தைத் தூக்க வைத்தான். கண்டக்டர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பகல் வெளிச்சத்தில் முன்விளக்குகளைப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, தெருமுனையில் அந்தப் பஸ் திரும்பியது. ஜன்னல்தோறும் தலைகள். "வழி விடு, வழி விடு" என்று உள்ளே இருந்தவர்கள் பஸ்ஸின் பக்கங்களைத் தட்டிக்கொண்டு வந்தார்கள்.

மாமியார் படியிலிருந்து குதித்தார். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே ஓடினார். அவர் பின்னால் கண்டக்டர், அவர் பின்னால் மற்றொரு செருப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பயணி.

டாக்டர் சொன்னதை எல்லாம் மாமியார் நின்றபடியே கேட்டார். இரண்டு கேள்வி கேட்டார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். உருளும் கட்டிலில் மருமகளை அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே நடந்துபோய், கதவு வரைக்கும் அவள் பாதத்தைப் பிடித்திருந்தார். கதவு மூடிய பிறகுதான் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கண்டக்டர் அவர் எதிரே நின்றார். "என்ன மன்னிச்சுடுங்க. எல்லாம் என்னாலதான். இன்னியோட அந்த விதிய எடுத்துடுறேன். விடுப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

மாமியார் நிமிர்ந்தார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் சிரிக்கிற மாதிரியும் இருந்தது. "என்ன எழுப்பி, உங்க மருமகளுக்குக் கல்லீரல் வந்திருச்சுன்னான் அந்தத் தம்பி. எந்த மருமகளுன்னு கேட்டேன். நெஜமா எனக்கு ஞாபகம் இல்ல. அப்படி ஒரு தூக்கம். அவ இங்க கெடக்கறா, நான் அவள சுத்தமா மறந்து தூங்கியிருக்கேன்."

"ஐயோ, அதுக்காக மனசக் கொழப்பிக்காதீங்க."

"கொழப்பிக்கல தம்பி. அந்தத் தூக்கம் இல்லன்னா இப்ப டாக்டர் சொன்னது ஒண்ணும் என் மண்டைல ஏறியிருக்காது. விடுப்ப எடுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்." சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். "பஸ்ல அந்தத் தம்பி சொன்னான், என்ன பஸ்ல ஏத்தி விட்ட பையன்தான் எடத்தச் சொன்னான்னு. யாரு அது?"

கண்டக்டர் சொன்னார். அவன் அப்பாவைப் பற்றியும் சொன்னார். சொல்லாமல் விடலாமா என்று யோசித்தார்; அது அவனுக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. "அவங்கப்பா எந்த வார்டுல இருக்காரு?" என்று மட்டும் மாமியார் கேட்டார்.

மறுநாள் காலை டாக்டர் வெளியே வந்து, புதுக் கல்லீரல் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார். மதியத்துக்கு மேல் மருமகள் கண்ணைத் திறந்தாள். எதிர்வீட்டில் அன்று சாப்பாட்டு வரிசையில் யாரும் உள்ளே நகரவில்லை, கண்டக்டரும் நகரச் சொல்லவில்லை. அவர் சந்தோஷத்தில் கரண்டியைப் பிடித்துத் தானே பரிமாறினார், பாதியைக் கீழே சிந்தினார்.

அதற்கு அடுத்த நாள் அவர் வார்டு பக்கம் போனபோது, பெயிண்டரின் அப்பா படுத்திருந்த கட்டிலருகே மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயிண்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"என் மருமகள நர்ஸுங்க பாத்துக்கறாங்க. உங்கப்பாவ நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு. உனக்கு இன்னிக்கு விடுப்பு" என்றார் மாமியார்.

"வேணாம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்." மாமியார் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "இப்ப லிஸ்ட்ல மொதல் ஆளு உங்கப்பாதான். எந்த நிமிஷம் வேணும்னாலும் கூப்பிடுவாங்க. அதனால நீ எங்க போறேன்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போ. எந்த மூலைல இருந்தாலும் நான் வந்து உன்ன இழுத்துக்கிட்டு வருவேன்."

பெயிண்டர் அப்பாவைப் பார்த்தான். கண் கலங்கியது. பிறகு குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். மாமியார் தலையாட்டினார். அவன் அப்பாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு நடந்தான். படிக்கட்டு வந்ததும் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.

எங்கே போகிறான் என்று தெரிந்துகொள்ள கண்டக்டருக்கு வாய் துறுதுறுத்தது. மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கேள் பார்க்கலாம் என்கிற மாதிரி. கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பக்கம் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.